மேல்வாரமும் மௌனமும்: ஓல்மியின் ‘மரச்செருப்பு மரம்’

எர்மான்னோ ஓல்மியின் ‘மரச்செருப்பு மரம்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், பாராட்டுகிறவர்களானாலும் சரி, நிராகரிக்கிறவர்களானாலும் சரி, ‘மெதுவாக நகரும் படம்’ என்ற ஒரே வாக்கியத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். பாராட்டுகிறவர்களுக்கு அந்த மெதுவில் கவித்துவம் தெரிகிறது. நிராகரிக்கிறவர்களுக்குச் சலிப்பு தட்டுகிறது. எதை வைத்துப் பார்த்து மெதுவாக என்று சொல்கிறோம் என்ற கேள்வியை இரு சாராரும் கேட்டுக்கொள்வதில்லை. படத்தில் ஒரு கிழவர் குளிர்காலத்தில் தக்காளி விதை ஊன்றுகிறார். பழம் வரக் கோடை வர வேண்டும். இதை எந்தக் கலைஞனாலும் வேகப்படுத்த முடியாது. வேகப்படுத்திக் காட்டினால் விவசாயம் காணாமல் போய், விவசாயத்தைப் பற்றிய தகவல் மட்டும் மிஞ்சும். ஆகவே ‘மெது’ என்பதை ஒரு பாணியாக எடுத்துக்கொண்டு ரசிப்பதோ கொட்டாவி விடுவதோ இரண்டுமே படத்துக்கு வெளியே நின்று செய்கிற காரியங்கள். அந்த மெதுவுக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்று பார்ப்பதே விமர்சனத்தின் வேலை.

படம் 1978ல் வந்தது. அந்த ஆண்டு கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் ஓல்மியே. பணம் போட்டது இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி. நடித்தவர்கள் வட இத்தாலியில் லொம்பார்தியின் பெர்காமோ சமவெளியைச் சேர்ந்த குடியானவர்கள், கிராமத்து ஜனங்கள். தொழில்முறை நடிகன் ஒருவன்கூடக் கிடையாது. அவர்கள் பேசுவது பெர்காமோ வட்டார மொழி. இத்தாலியின் பிற பகுதிக்காரர்களுக்கே அது எளிதில் விளங்காது. கதை நடக்கும் காலம் 1897 இலையுதிர் காலத்திலிருந்து 1898 கோடை வரை. ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றி நிற்கும் பண்ணைக் கட்டிடம். அதில் சில குடும்பங்கள்.

ஆரம்பத்திலேயே எழுத்தில் ஒரு விஷயம் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. வீடு, தொழுவம், நிலம், மரங்கள், கால்நடைகளில் ஒரு பகுதி, கருவிகளில் ஒரு பகுதி, எல்லாம் நிலப்பிரபுவுக்குச் சொந்தம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. மேல்வாரம் இரண்டு, குடிவாரம் ஒன்று. இதற்கப்புறம் படம் வாரத்தைப் பற்றி வாய் திறந்து பேசுவதே இல்லை. ஆனால் முதலில் படித்த அந்த எழுத்து பிறகு வரும் ஒவ்வொரு காட்சியின் அடியிலும் கிடக்கிறது. மக்காச்சோளக் கதிர் உரிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், பன்றி அறுக்கிறார்கள், மாட்டுக்குத் தீனி வைக்கிறார்கள். இத்தனையிலும் நாம் பார்த்துக்கொண்டிருப்பது உழைப்பு செலவாகும் நேரத்தை. அந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேறொருவனுடையது. படத்தையே அந்தக் கணக்கில் பிரித்தால் மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் மேல்வாரமாகப் போய்விடும். வேகமான ஒரு படம் இதே சுரண்டலை ஒரு காட்சியில், ஒரு சவுக்கடியில், ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிடும். நாமும் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த காட்சிக்குப் போகலாம். ஓல்மி அந்த நிம்மதியைத் தருவதில்லை.

இதனாலேயே இங்குள்ள குடியானவர்களைத் தூய ஆத்மாக்களாக ஆக்க வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை. ஏழ்மையைக் கண்டால் புனிதப்படுத்திவிடும் வியாதி எல்லா மொழி இலக்கியங்களிலும் உண்டு. இந்தப் படத்தில் ஃபினார்ட் என்பவன் சோளம் எடைபோடும் நாளில் தன் வண்டியில் கற்களைப் போட்டு எடையைக் கூட்டப் பார்க்கிறான். மகனோடு ஓயாத சண்டை. திருவிழாக் கூட்டத்தில் ஓர் அரசியல்வாதி பேசிக்கொண்டிருக்க, காலடியில் கிடக்கும் ஒரு பொற்காசைக் கண்டெடுக்கிறான். அதைக் கொண்டுவந்து குதிரையின் குளம்புக்குள் ஒளித்துவைக்கிறான். பிறகு காசு தொலைந்து போகிறது. குதிரையைத் திட்டி அடிக்கப்போக, குதிரை அவனையே துரத்துகிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் காசை வீட்டில் வைக்கப் பயந்து, வங்கி என்பதையே அறியாமல், குதிரைக் குளம்பை இரும்புப் பெட்டியாக்கிக்கொண்ட ஒருவனின் பொருளாதாரம் முழுவதும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. அன்செல்மோ என்ற அந்தத் தக்காளிக் கிழவரும் அப்படித்தான். கோழி எருவைப் போட்டு, வெயில் விழும் சுவரோரம் நட்டு, ஊரில் எவருக்கும் முன்பாகத் தன் தக்காளியைப் பழுக்க வைக்கிறார். அந்த ரகசியத்தைப் பேத்திக்கு மட்டும் சொல்லித்தருகிறார். பக்கத்து வீட்டானுக்குச் சொன்னால் சந்தையில் விலை போய்விடும். ஒரே முற்றம், இரவில் ஒரே தொழுவத்தின் கதகதப்பில் ஜெபமாலை, கதை, சிரிப்பு எல்லாம் உண்டு. அதே முற்றத்தில் ஒவ்வொருவனும் தன் சிறு லாபத்தைத் தனித்தனியே மறைத்தும் வைத்திருக்கிறான். இந்த இரண்டையும் ஒருசேரக் காட்டியதால்தான் கடைசிக் காட்சியின் மௌனத்துக்கு அர்த்தம் கிடைக்கிறது.

படத்துக்குத் தலைப்பைத் தந்த சம்பவம் சிறியது. பாத்திஸ்தியின் மகன் மினெக் கெட்டிக்காரப் பையன். அவனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார் பாதிரியார். தகப்பனுக்குத் தயக்கம். வீட்டில் இன்னொரு பிரசவம் வரப்போகிறது, வேலைக்கு ஆள் வேண்டும். கடைசியில் சம்மதிக்கிறான். பையன் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போய்வருகிறான். ஒருநாள் திரும்பும் வழியில் அவனுடைய மரச்செருப்பு ஒன்று உடைந்துபோகிறது. பாத்திஸ்தி இரவில் போய்க் கால்வாயோரத்து மரம் ஒன்றை வெட்டி எடுத்துவந்து, யார் கண்ணிலும் படாமல், புதிய செருப்பைச் செதுக்கித் தருகிறான். மரம் பிரபுவுடையது. வெட்டப்பட்டது தெரியவருகிறது. குடும்பம் வெளியேற்றப்படுகிறது. அவ்வளவுதான்.

இத்தாலியில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கிய கொப்பீனோ சட்டம் 1877ல் வந்தது. ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. மினெக் பள்ளிக்குப் போவது இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட சட்டம். பாத்திஸ்திக்கோ அது பாதிரியார் வந்து சொல்லித் தெரியவேண்டிய புதுமை. சட்டம் பையனைப் படிக்கச் சொன்னது. அவன் காலில் என்ன போட்டுக்கொண்டு போவான் என்று கேட்கவில்லை. ஒரு ராஜ்யத்தின் முற்போக்குக்கும் ஒரு பண்ணையின் சொத்துரிமைக்கும் நடுவே ஒரு ஜோடி செருப்பு இல்லாமல்போகிறது. அந்த இடைவெளியைத் தகப்பன் தன் கோடரியால் நிரப்புகிறான். இதை ஓல்மி ஒரு வார்த்தையாலும் விளக்கவில்லை.

இத்தாலிய இடதுசாரி விமர்சகர்கள் சிலர் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார்கள். குற்றச்சாட்டு இது: ஓல்மி கத்தோலிக்கர்; அவருடைய குடியானவர்கள் எல்லாவற்றையும் சகித்துக்கொள்கிறார்கள்; அநியாயத்தின் முன் தலைகுனிந்து வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள்; சரித்திரத்தின் சலனம் படத்துக்குள் இல்லை; இருப்பது பழங்காலத்தின் மீதான ஏக்கம் மட்டுமே. இரண்டு வருஷம் முன்னால் பெர்த்தொலூச்சியின் ‘1900’ (1976) வந்திருந்தது. எமிலியாவின் வயல்கள், செங்கொடிகள், நிலப்பிரபுவைக் கூண்டில் நிறுத்தும் 1945ன் விடுதலை நாள். அமெரிக்க நிறுவனங்களின் பணம், டி நீரோ, தெபர்தியூ, லங்காஸ்டர். விவசாயி எழுந்து நிற்கும் படம் அது. இதுவோ எழுந்து நிற்காத படம் என்று ஒப்பீடு சுலபமாகிவிட்டது.

இந்தக் குற்றச்சாட்டை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. படத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஸ்தேஃபனோவும் மத்தலேனாவும் கல்யாணம் முடிந்த கையோடு படகில் மிலான் நகரத்துக்குப் போகிறார்கள். தூரத்தில் புகை எழுகிறது. விலங்கிடப்பட்ட கைதிகள் நடத்திச் செல்லப்படுகிறார்கள். தெருவில் சிப்பாய்கள். இது 1898 மே மாதம். ரொட்டி விலை ஏற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மிலான் மக்கள் மீது ஜெனரல் பாவா பெக்காரிஸ் பீரங்கி வைத்துச் சுட்டான். அரசாங்கக் கணக்கின்படியே இறந்தவர்கள் 80 பேர் அளவில். அதற்கும் மேல் என்று சொன்னவர்கள் உண்டு. அரசன் முதலாம் உம்பர்த்தோ ஜெனரலுக்குப் பதக்கம் சூட்டினான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போயிருந்த நெசவாளியான கயெத்தானோ பிரெஷி திரும்பிவந்து 1900 ஜூலையில் மொன்ஸாவில் அரசனைச் சுட்டுக் கொன்றான். இத்தனை பெரிய ரத்த நாடகத்தின் ஓரமாக நம் தம்பதிகள் ஒதுங்கி நடந்து, மத்தலேனாவின் அத்தை தலைவியாக இருக்கும் கன்னியர் மடத்துக்குள் போய்விடுகிறார்கள். காமிராவும் அவர்களோடு உள்ளே போய்விடுகிறது. தெருவில் நின்றிருக்க வேண்டாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் மடத்துக்குள் என்ன நடக்கிறது? காலையில் அத்தை ஒரு குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். அனாதை, ஒரு வயது. இதை எடுத்து வளர்த்தால் வளர்ப்புக்கென்று பணமும் வரும் என்கிறாள். புதுத் தம்பதிகள் குழந்தையோடு ஊர் திரும்புகிறார்கள். பக்தியின் கருணையும் ஏழைக்குக் கிடைக்கும் சில்லறையும் இங்கே ஒரே கையால் நீட்டப்படுகின்றன. எது எதற்காக என்று பிரித்துச் சொல்ல அத்தைக்கும் தெரியாது, மத்தலேனாவுக்கும் தெரியாது. ஏக்கத்தில் மூழ்கிய ஒரு கத்தோலிக்கன் அந்தப் பணத்தைப் பற்றிய பேச்சை வெட்டி எறிந்திருப்பான். ஓல்மி வெட்டவில்லை. திருவிழாச் சொற்பொழிவும் இப்படித்தான். மேடையில் முன்னேற்றத்தைப் பற்றிய பேச்சு. கீழே நிற்கும் ஃபினார்டின் கண் காசின் மேல். இதை அரசியலை ஏளனம் செய்வதாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையின் மொழிக்கும் முற்றத்தின் மொழிக்கும் இடையே பாலம் இன்னும் கட்டப்படவில்லை என்கிற தகவல் அது. 1898ல் அந்தச் சமவெளியில் கட்டப்படாத பாலத்தை 1978ல் படத்துக்குள் கட்டிவைத்தால் அது சரித்திரமாகாது, ஆறுதலாகும்.

விஸ்கோந்தியின் ‘நிலம் நடுங்குகிறது’ (1948) இங்கே நினைவுக்கு வருகிறது. அதிலும் உள்ளூர் ஜனங்கள்தான், சிசிலிய மீனவர்கள், அவர்களுடைய பேச்சுமொழி. ஆனால் மேலே ஒரு குரல் நல்ல இத்தாலிய மொழியில் நிகழ்வதையெல்லாம் விளக்கிக்கொண்டே போகும். அந்தக் குரல் மீனவர்கள் பக்கம் நிற்கிறது. அவர்களுக்கு மேலேயும் நிற்கிறது. ஓல்மி அந்தக் குரலை எடுத்துவிட்டார். அவர் அந்தப் பிரதேசத்திலேயே 1931ல் பிறந்தவர். பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்து உருவானதென்று அவரே சொன்ன படம் இது. எடிசன்வோல்டா மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே தொழிலாளர்களைப் பற்றிக் குறும்படங்கள் எடுத்துப் பழகியவர். மனிதன் கையால் வேலை செய்வதை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அங்கே படிந்த பழக்கம். 2018ல் இறக்கும்வரை அந்தப் பழக்கம் அவரை முழுதாக விட்டுப் போகவில்லை.

படத்தின் மீது எனக்கிருக்கும் ஆட்சேபம் வேறு இடத்தில். இடதுசாரிகள் சொன்ன சகிப்புத்தன்மை குடியானவர்களிடம் இருப்பது குறையல்ல. அது அங்கே இருந்தது, காட்டப்பட்டது. கேட்க வேண்டியது, சகிப்புத்தன்மைக்குப் படம் தன் பக்கத்திலிருந்து எங்கேயாவது கூலி கொடுக்கிறதா என்பது. இரண்டு இடங்களில் கொடுக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று, விதவை ரூங்க்கின் பசு. புருஷன் இல்லை, பிள்ளைகள் பல, ஊரார் துணி துவைத்துப் பிழைப்பு. சின்னக் குழந்தைகள் இருவரை மடத்தில் விடலாமே என்கிறார் பாதிரியார். மூத்தவன் பெப்பினோ மில்லில் வேலைக்குப் போகிற பையன். இராப்பகலாக உழைக்கிறேன், யாரையும் அனுப்ப வேண்டாம் என்கிறான். இது படத்தின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. பிறகு பசு நோயில் விழுகிறது. பிழைக்காது என்கிறார் மாட்டு வைத்தியர். ரூங்க் ஓடைத் தண்ணீரை எடுத்து, ஜெபித்து, பசுவுக்குப் புகட்டுகிறாள். பசு எழுந்துவிடுகிறது. விசுவாசம் பசுவை எழுப்பும் உலகத்தில் ஒரு மரம் மட்டும் ஏன் மன்னிக்கப்படுவதில்லை? ரூங்க்கின் ஜெபத்துக்குப் பதில் வருகிறது, பாத்திஸ்தியின் வீட்டு ஜெபத்துக்கு வருவதில்லை. ஓல்மிக்கு இதில் ஒரு முரண் இருப்பது தெரியுமா என்று படத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை. அவள் நம்பினாள், பசு எழுந்தது, அவ்வளவுதான் காட்டினேன் என்று அவர் தரப்பில் சொல்லலாம். ஆனால் பாத்திஸ்தியிடம் அத்தனை கறாராக இருந்த காமிரா இங்கே ஒரு கணம் இளகிவிட்டது.

இரண்டாவது, பாக்கின் ஆர்கன் இசை. படத்துக்குள்ளேயே சங்கீதம் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு விஷயமாக இருக்கிறது. நிலப்பிரபுவின் வீட்டுச் சங்கீதம் முற்றத்து ஜனங்கள் காதில் விழுகிறது. அது அவர்களுக்கு உரியதல்ல, மரத்தைப் போல. இதைக் காட்டத் தெரிந்த கலைஞன், குடியானவர்களின் உழைப்பின் மேல் பாக்கை இறக்கி வைக்கிறான். இது அவர்களுடைய சங்கீதமா? அவர்களுடையது கோயில் மணியும் ஜெபமும் தொழுவத்துப் பாட்டும். பிரபுவுடையதா? அதுவும் இல்லை. பாக் ஓல்மியுடையது, நம்முடையது. அழகாக இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. அழகு வரும்போது நமக்குள் ஏதோ தீர்ந்துபோன உணர்வும் கூடவே வந்துவிடுகிறது. விளக்கும் குரலை எடுத்துவிட்டவர் அந்தக் காலி இடத்தில் ஆர்கனை உட்காரவைத்துவிட்டார்.

காட்டாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் லொம்பார்தி, வெனெத்தோ குடியானவர்களைத் தின்றுகொண்டிருந்த நோய் பெலக்ரா. வருஷம் முழுவதும் மக்காச்சோளக் களியையே தின்று உயிர்வாழ்ந்தவர்களுக்கு வரும் நோய். தோல் வெடிக்கும், குடல் கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். படத்தில் சோளம் பொன்னாகக் குவிகிறது; பெலக்ரா இல்லை. அதேபோல் கப்பல். வட இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாத்திஸ்தியின் வண்டி எங்கே போகும்? வேறொரு பண்ணைக்கு, மிலானின் ஆலைக்கு, அல்லது ஜெனோவாத் துறைமுகத்துக்கு. ஓல்மி இதைத் திறந்து வைத்திருப்பதற்குக் கலை ரீதியான காரணம் உண்டு. முற்றத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருட்டு மட்டுமே தெரியும். ஆனால் பெலக்ராவை விட்டதற்கு அப்படி ஒரு காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பசி அழகாகத் தெரியாத ஒரு முகமும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இத்தனையையும் சொன்ன பிறகும் இந்தப் படம் நிற்கிறது. அதை நிறுத்துவது கடைசிக் காட்சி. மாலை மங்குகிறது. பாத்திஸ்தி குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறது. முற்றத்தில் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் தத்தம் வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெபமாலை உருட்டியவர்கள், கதை கேட்டுச் சிரித்தவர்கள், ஒருவரும் வந்து ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதில்லை. வண்டி வெளியேறிய பிறகுதான் வெளியே வருகிறார்கள். தூரத்தில் வண்டி விளக்கு இருட்டில் சிறுத்துக்கொண்டே போகிறது.

இதைச் சகிப்புத்தன்மை என்று எப்படிப் படித்தார்கள் என்பது புரியவில்லை. பிரபுவின் கொடுமையை யார் வேண்டுமானாலும் காட்டலாம். அந்தக் கொடுமை பக்கத்து வீட்டுக்காரன் கால்களில் எப்படி வேலை செய்கிறது, அவனை எப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துகிறது என்று காட்டுவது அபூர்வம். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. வெளியே வந்து உதவினால் நாளைக்குத் தன் வண்டி என்பது அவர்களுக்குத் தெரியும். கல்லைப் போட்டு எடை கூட்டியவனுக்கும், தக்காளி ரகசியத்தை மறைத்தவருக்கும், மேல்வாரக் கணக்கு மனப்பாடம். அதில் ஒன்று குறைந்தால் யார் தலையில் விழும் என்பதும் தெரியும். அவர்களுடைய ஒற்றுமை முற்றத்து அளவிலேயே நின்றுவிட்டது. சொத்தின் முன் அது செல்லாது. இந்த இடத்துக்கு வந்து சேர மூன்று மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது. இந்த ஜனங்களோடு அத்தனை நேரம் இருந்திராவிட்டால் கதவுக்குப் பின்னால் நிற்பவர்கள் நமக்குக் கோழைகளாகவே தெரிந்திருப்பார்கள்.

ஏழைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதில் பாடம் என்று ஒன்று இருந்தால் அது பாணியைப் பற்றியதல்ல. எத்தனை நேரம் அவர்களோடு இருந்தாய், அவர்களுடைய திருட்டையும் கஞ்சத்தனத்தையும் பார்த்த பிறகும் இருந்தாயா, அவர்கள் தங்களுக்குள்ளேயே துரோகம் செய்யும்போது யார் பக்கம் நின்றாய் என்பதுதான் கேள்வி. இரக்கம் இந்தக் கேள்விகளுக்கு முன்பே எழுந்து போய்விடும். கோஷம் கேட்க நிற்பதே இல்லை.

வண்டியில் மினெக்கும் இருக்கிறான். அந்த முற்றத்தில் எழுத்துக் கற்கத் தொடங்கிய பையன். அவன் கற்ற கொஞ்ச எழுத்துக்கு விலையாக ஒரு மரம் போயிற்று, பிறகு வீடு போயிற்று. அந்த வீட்டைப் பற்றி என்றைக்காவது யாராவது எழுதுவதாக இருந்தால் எழுதக்கூடியவன் அவன்தான். எழுதினானா என்பதைப் படம் சொல்லவில்லை.